முறைசாரா கிராமச் சுற்றுலா: முதல் சில வருட ஆர்வம் தீர்ந்த பிறகு எது நிற்கும்?

வரப்போரம் எழுதியது:

வணக்கம் நண்பர்களே. வீட்டில் ஒரு அறையை ஒதுக்கி விருந்தினரைத் தங்கவைப்பது, வயலைச் சுற்றிக் காட்டுவது, காட்டுப் பாதையில் வழிகாட்டிப் போவது என்று கிராமங்களில் நடக்கும் சிறு முயற்சிகளைப் பற்றிப் பேச இந்த இழையைத் தொடங்குகிறேன். பெரும்பாலும் இவற்றுக்குப் பதிவு கிடையாது, எழுதிய ஒப்பந்தமும் கிடையாது. ஒரு குடும்பம் தொடங்கும், பக்கத்து வீட்டுக்காரர் பார்த்துச் சேர்ந்துகொள்வார். வந்துபோனவர்கள் தங்கள் நண்பர்களை அனுப்புவார்கள். ஆரம்பத்தில் ஊரே சந்தோஷமாக இருக்கும்.

அதற்கப்புறம் நடப்பதுதான் என்னை உறுத்துகிறது. ஒரு வீடு மட்டும் வளர்கிறது, மற்ற வீடுகள் ஒதுங்கிக்கொள்கின்றன. அல்லது தொடங்கியவர் களைத்துப்போய் நிறுத்திவிடுகிறார். அல்லது வெளியாள் ஒருவர் நிலம் வாங்கிப் பெரிய விடுதி கட்டிவிடுகிறார். சண்டை போட்டு முடிந்தவை குறைவு, சத்தமில்லாமல் நின்றுபோனவைதான் அதிகம்.

சில குடும்பங்கள் சேர்ந்து நடத்தும் இப்படி ஒரு முயற்சியில் நானும் இருக்கிறேன். இதுவரை எல்லாம் வாய்ப்பேச்சில்தான் நடக்கிறது. விரைவில் உட்கார்ந்து பேசி ஒரு முடிவுக்கு வரவேண்டும். இருபது வருடம் தாங்கும் அளவுக்கு இதை நடத்த முடியுமா? எதை எழுதிவைக்க வேண்டும், எதை இப்படியே விடலாம்? அனுபவமும் வாசிப்பும் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

கணக்கர் எழுதியது:

முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். இந்த முயற்சிகளில் லாபம் என்று சொல்லப்படுவதில் பெரும்பகுதி, கணக்கில் எழுதப்படாத செலவுதான். விருந்தினர் கொடுத்த பணத்திலிருந்து மளிகை, மின்சாரம், வண்டி வாடகை மூன்றையும் கழித்துவிட்டு மீதியை வருமானம் என்று நினைக்கிறோம். மெத்தை தேய்கிறது, கூரை ஒழுகுகிறது, கழிப்பறைக் குழாய் மாற்ற வேண்டியிருக்கிறது. வீட்டிலுள்ளவர்களின் உழைப்புக்குக் கூலி போடுவதே இல்லை. முதல் இரண்டு மூன்று வருடம் இது தெரியாது, எல்லாம் புதிதாக இருக்கும். பிறகு ஒரே நேரத்தில் எல்லாமே பழுதாகும். அப்போது கையில் பணம் இருக்காது. நான்காவது, ஐந்தாவது வருடத்தில் பலர் நிறுத்துவதற்கு இதுவும் ஒரு பெரிய காரணம்.

இன்னொன்று, ஆள் வரத்து. ஓடிஐ என்ற வளர்ச்சி ஆய்வு நிறுவனம் 2008-இல் லத்தீன் அமெரிக்கச் சமூகச் சுற்றுலா பற்றி ஒரு குறிப்பு வெளியிட்டது. அமெரிக்கக் கண்டத்தில் 200 திட்டங்களைப் பார்த்த ஓர் ஆய்வை அது எடுத்துச் சொன்னது. தங்குமிடம் நடத்தியவற்றில் பலவற்றில் நிரம்பிய படுக்கைகள் சுமார் 5 சதவீதம்தான். வருடத்துக்கு 18 இரவுகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இருக்கும் அறையைச் சுத்தம் செய்து கொடுப்பவருக்கு அந்த 18 இரவு கூடுதல் வருமானம். கடன் வாங்கி அறை கட்டியவருக்கு வட்டிக்குக்கூடக் காணாது.

அதனால் என் முதல் ஆலோசனை: அறை கட்டக் கடன் வாங்காதீர்கள். இரண்டாவது, ஒவ்வொரு தங்கலிலிருந்தும் ஒரு பங்கைப் பராமரிப்புக்கென்று தனியாக எடுத்துவையுங்கள். வீட்டுச் செலவுப் பணத்தோடு அது கலக்கவே கூடாது.

அடுப்படிக்குரல் எழுதியது:

கணக்கர் ஐயா ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போன உழைப்பைப் பற்றி நான் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

இந்தத் தொழிலில் விருந்தோம்பல் என்று எல்லாரும் பாராட்டுவது பெரும்பாலும் ஒரு பெண்ணின் கூடுதல் வேலைநேரம். விடியுமுன் எழுந்து தண்ணீர் காய்ச்சுவது, இரண்டு விதமாகச் சமைப்பது, படுக்கை விரிப்புத் துவைப்பது, இரவு விருந்தினர் தூங்கிய பிறகு பாத்திரம் கழுவுவது. வயல் வேலையோ மாட்டு வேலையோ குறைவதில்லை, அதற்கு மேல் இது. போனில் பேசி புக்கிங் எடுப்பவர் ஆண், பணம் போவது அவர் கணக்குக்கு, விருந்தினர் எழுதும் ரிவியூவிலும் அவர் பெயர்தான். நான் பார்த்த வரையில், ஒரு வீடு தொழிலைவிட்டு விலகுகிறது என்றால் அந்த வீட்டுப் பெண் மனதளவில் அதற்கு முன்பே விலகியிருப்பார். மருமகளுக்கு வேறு வேலை கிடைக்கும், பிள்ளைக்குப் பொதுத்தேர்வு வரும், மாமியாருக்கு உடம்பு முடியாமல் போகும். உடனே கதவு மூடப்படும். வெளியிலிருந்து பார்ப்பவர்கள் ஆள் வரத்து குறைந்துவிட்டது என்று நினைப்பார்கள்.

லடாக்கில் பனிச்சிறுத்தைப் பாதுகாப்புக்காகத் தொடங்கிய ஹிமாலயன் ஹோம்ஸ்டேயில் இரண்டு விஷயம் எனக்குப் பிடித்தது. விருந்தினர் வீடு வீடாக முறைவைத்து அனுப்பப்படுகிறார்கள். வருமானத்தில் 10 சதவீதம் ஊர்ப் பாதுகாப்பு நிதிக்குப் போகிறது. முறை இருப்பதால் எந்தப் பெண்ணும் தொடர்ந்து மாதக்கணக்கில் அடுப்படியில் நிற்க வேண்டியதில்லை. ஊர் நிதி இருப்பதால் விருந்தினரே வராத வீட்டுக்கும் இந்த ஏற்பாட்டில் ஒரு பிடிப்பு இருக்கிறது.

நீங்கள் எழுதிவைக்கப் போகிறீர்கள் என்றால் முதல் வரியாக இதை எழுதுங்கள்: வேலை செய்பவர் கைக்குப் பணம் நேராகப் போக வேண்டும். இரண்டாவது வரி: எந்த வீடும் காரணம் சொல்லாமல் ஒரு பருவம் முழுக்க ஓய்வெடுக்கலாம், திரும்பி வரும்போது அதன் இடம் அப்படியே இருக்கும்.

மலைநடை எழுதியது:

முறைவைத்து அனுப்புவது என்றதும் டக்கீலே ஞாபகம் வந்தது. பெரு நாட்டில் டிட்டிகாக்கா ஏரியில் உள்ள தீவு. இந்த விவாதத்துக்கு அதைவிடப் பொருத்தமான வரலாறு எனக்குத் தெரிந்து இல்லை, அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

1970களின் பிற்பாதியில் அங்கே பயணிகள் வரத் தொடங்கினார்கள். தீவுக்காரர்கள் யாரையும் கேட்காமல் ஓர் ஏற்பாட்டைத் தாங்களே உருவாக்கிக்கொண்டார்கள். புனோ நகரத்திலிருந்து தீவுக்கு வரும் படகுகள் அவர்களுடையவை. கரையில் இறங்கிய பயணியை முறைப்படி ஏதாவது ஒரு குடும்பத்துக்கு அனுப்பினார்கள். நெசவுப் பொருள்களைக் கூட்டுறவுக் கடையில் ஒரே விலையில் விற்றார்கள். ஒருவரை ஒருவர் விலை குறைத்து வெட்டிக்கொள்ள வழியே இல்லை. பெரிய முதலீடு கிடையாது, ஆலோசகர்கள் கிடையாது. ஊர்க்கூட்டம்தான் எல்லாம். ஏழைக் குடும்பத்துக்கும் சுற்றுலாப் பணம் போய்ச் சேர்ந்தது.

1990களில் பெரு அரசு பொருளாதாரத்தைத் திறந்துவிட்டபோது, படகுப் போக்குவரத்தில் தீவுக்காரர்களுக்கு இருந்த தனியுரிமை செல்லாமல் போனது. புனோவிலிருந்து தனியார் ஏஜென்சிகள் வேகமான படகுகளோடு வந்தன. காலையில் கூட்டி வந்து, மதியம் சாப்பிடவைத்து, சாயங்காலம் திருப்பி அழைத்துப் போவது அவர்கள் திட்டம். பயணிகள் எண்ணிக்கை கூடியது. ஆனால் இரவு தங்குபவர்கள் குறைந்தார்கள், பணத்தின் பெரும்பகுதி நகரத்திலேயே நின்றது. எந்த வீட்டில் சாப்பாடு என்பதைக்கூட வெளியூர் வழிகாட்டி தீர்மானிக்கும் நிலை வந்தது. அதனால் தீவுக்குள்ளேயே பொறாமையும் மனக்கசப்பும் உண்டாயின. 2005-இல் அவர்களுடைய நெசவுக் கலையை யுனெஸ்கோ உலகின் வாய்மொழி மற்றும் தொட்டறிய முடியாத பாரம்பரியங்களில் ஒன்றாக அறிவித்தது. நல்ல கௌரவம்தான். ஆனால் படகு யாருடையது என்ற பிரச்சினையை அது தீர்க்கவில்லை.

இதிலிருந்து நான் எடுத்துக்கொண்டது இதுதான். இடம் அழகாக இருப்பதும், உபசரிப்பு நன்றாக இருப்பதும், பயணிகள் வந்துகொண்டே இருப்பதும் போதாது. எத்தனை பேர் வரலாம், யார் வீட்டுக்குப் போகலாம், என்ன விலை என்ற மூன்றையும் ஊர் தீர்மானிக்கும் வரைதான் அது ஊரின் தொழில். இன்று பல இடங்களில் அந்தப் படகின் இடத்தில் ஆன்லைன் புக்கிங் தளம் இருக்கிறது. உங்கள் விருந்தினர் எல்லாரும் ஒரே ஒரு தளம் வழியாகத்தான் வருகிறார்கள் என்றால், கமிஷனை அவர்கள் கூட்டும்போது உங்களால் என்ன செய்ய முடியும் என்று இப்போதே யோசித்துவையுங்கள்.

புதியவன் எழுதியது:

எனக்கு இதில் உடன்பாடு இல்லை. முறைவைத்து அனுப்பினால் நன்றாகக் கவனிக்கும் வீட்டுக்கும் அழுக்குப் போர்வை கொடுக்கும் வீட்டுக்கும் ஒரே வருமானம். பிறகு யார் சிரமப்பட்டுத் தரத்தை உயர்த்துவார்கள்? உழைக்கிறவர் வளரட்டும், அதைப் பார்த்து மற்றவர்கள் கற்றுக்கொள்ளட்டும். எல்லாரையும் ஒரே கயிற்றில் கட்டினால் எல்லாருமே மெதுவாகத்தான் போவார்கள்.

மலைநடை எழுதியது:

நியாயமான கேள்வி, புதியவன். தரம் இல்லாத முறை கண்டிப்பாக அழிந்துபோகும். அதற்குப் பிரான்சைப் பாருங்கள். கிராமங்களிலிருந்து மக்கள் வெளியேறிக்கொண்டிருந்த காலத்தில், 1955-இல், ஜீத் தெ பிரான்ஸ் என்ற அமைப்பு உருவானது. கிராமத்துக் காலி வீடுகளையும் அறைகளையும் செப்பனிட்டு வாடகைக்கு விடுபவர்களின் கூட்டமைப்பு அது. வீடுகளை நேரில் பார்த்துக் கோதுமைக் கதிர் சின்னத்தில் தரம் கொடுக்கிறார்கள், ஒன்றிலிருந்து ஐந்து கதிர் வரை. இன்றும் அது நடக்கிறது. ஒவ்வொரு வீடும் தனித்தனித் தொழில், ஆனால் தரமும் பெயரும் பொது.

சிறு குழுவுக்கு நான் சொல்வது: குறைந்தபட்சத் தரம் ஒன்றை எழுதுங்கள். சுத்தமான விரிப்பு, பூட்டும் கதவு, தண்ணீர் வரும் கழிப்பறை, இரவில் வெளிச்சம். அதைக் காப்பவர்கள் மட்டும் முறையில் இருக்கலாம். ஒரு வீட்டைப் பெயர் சொல்லிக் கேட்டு வரும் விருந்தினர் அந்த வீட்டுக்கே போகட்டும், அதிலிருந்து பொது நிதிக்குக் கொஞ்சம் கூடுதல் பங்கு வரட்டும். உழைப்பவருக்கு அதன் பலன் கிடைக்கும், மற்றவர்களும் விட்டுப்போக மாட்டார்கள்.

புதியவன் எழுதியது:

சரி, பெயர் சொல்லி வருபவர்களுக்கு விலக்கு இருந்தால் நான் ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் தரத்தைச் சரிபார்ப்பது யார்? பக்கத்து வீட்டுக்காரரே பக்கத்து வீட்டுக் கழிப்பறையைப் பார்த்து மதிப்பெண் போட்டால் உறவு கெட்டுவிடும்.

விளைநிலம் எழுதியது:

அதற்கு வழி இருக்கிறது. வெளியிலிருந்து ஒருவரை வருடம் ஒருமுறை அழையுங்கள், வேறு கிராமத்தில் இதே தொழில் செய்பவராக இருந்தால் நல்லது. நீங்கள் அவர்கள் ஊருக்குப் போய்ப் பாருங்கள், அவர்கள் உங்கள் ஊருக்கு வரட்டும்.

நான் சொல்ல வந்தது வேறு. விவசாயத்தை விட்டுவிட்டு முழுநேரமாக இதில் இறங்குகிறவர்களைப் பார்க்கும்போது எனக்குப் பயமாக இருக்கிறது. பயணி பார்க்க வருவதே வேலை நடக்கும் நிலத்தைத்தான். நிலம் தரிசானபின் அவர் எதைப் பார்க்க வருவார்?

இத்தாலி இதைச் சட்டமாகவே எழுதியிருக்கிறது. அங்கே பண்ணைச் சுற்றுலாவுக்கு 1985-இல் ஒரு தேசியச் சட்டம் வந்தது, 2006-இல் அதைப் புதுப்பித்தார்கள். விருந்தினரை ஏற்பவர் விவசாயியாக இருக்க வேண்டும், விவசாயமே முதன்மைத் தொழிலாக இருக்க வேண்டும் என்பதுதான் அதன் அடிப்படை. எது முதன்மை என்பதை வருமானத்தை வைத்துப் பார்ப்பதில்லை, எந்த வேலைக்கு அதிக நேரம் போகிறது என்றுதான் பார்க்கிறார்கள். பத்து விருந்தினருக்கு மேல் ஏற்காதவர் என்றால் விவசாயம்தான் முதன்மை என்று சட்டமே எடுத்துக்கொள்கிறது. சிறியவருக்குத் தொல்லை குறைவு, பெரியவர் கணக்குக் காட்ட வேண்டும். எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு இது.

2020-இல் உலகம் முழுவதும் சர்வதேசப் பயணிகளின் வருகை முந்தைய வருடத்தைவிட எழுபது சதவீதத்துக்கும் மேல் சரிந்ததே, அப்போது நிலமும் மாடும் வைத்திருந்த வீடுகள் சாப்பாட்டுக்கு வழி இருந்ததால் காத்திருந்து மறுபடி கதவைத் திறந்தன. எல்லாவற்றையும் விருந்தினர் மேல் வைத்தவர்களுக்குக் காத்திருக்கக்கூட முடியவில்லை. நோய்தான் வரவேண்டும் என்றில்லை. ஒரு பாலம் இடிந்தால் போதும், ஒரு காட்டுத்தீ போதும். பக்க வருமானமாகத் தொடங்கியது பக்க வருமானமாகவே இருப்பதில் குறை ஒன்றும் இல்லை. அது பெரிதாக வளராததைத் தோல்வி என்று சொல்பவர்களோடு எனக்குக் கருத்து வேறுபாடு உண்டு.

நீர்வழி எழுதியது:

யாரும் தண்ணீரைப் பற்றிப் பேசவில்லை, அதனால் சேர்க்கிறேன். குடும்பத்துக்காகத் தோண்டிய கிணறும், குடும்பத்துக்காகக் கட்டிய செப்டிக் டேங்கும் விருந்தினர் கூட்டத்துக்குப் போதாது. முதலில் பாதிக்கப்படுவது கீழ்ப்பக்கத்து வீட்டின் கிணறு. அந்த வீட்டுக்குச் சுற்றுலாவால் ஒரு வருமானமும் இருக்காது. ஊரில் எதிர்ப்பு அங்கிருந்துதான் கிளம்பும். ஜார்ஜ் டாக்ஸி என்ற ஆய்வாளர் 1975-இலேயே இதைப் படிப்படியாகச் சொன்னார்: உள்ளூர்க்காரர் மனநிலை முதலில் உற்சாகம், பிறகு அக்கறையின்மை, பிறகு எரிச்சல், கடைசியில் பகை.

விறகும் அப்படித்தான். நேபாளத்தில் அன்னபூர்ணா பாதுகாப்புப் பகுதித் திட்டம் 1986-இல் தொடங்கியபோது மலைப்பாதை விடுதிகளில் சமையலுக்கும் வெந்நீருக்கும் எரிந்த விறகு பெரிய கவலையாக இருந்தது. உயரமான பகுதிகளில் விறகுக்குப் பதில் மண்ணெண்ணெய் பயன்படுத்த விதி செய்தார்கள், அது கிடைப்பதற்குக் கிடங்கும் வைத்தார்கள். விடுதி நடத்துபவர்கள் குழுவாகக் கூடி ஒரே விலைப்பட்டியல் போட்டார்கள். தடைவிதி மட்டும் போட்டிருந்தால் நடந்திருக்காது. மாற்று எரிபொருளும் கூடவே வந்ததால்தான் அது நடைமுறைக்கு வந்தது.

ஜப்பானின் ஷிரகாவா-கோ பகுதியில் உள்ள ஓகிமாச்சி கிராமத்தார் 1971-இல் பழைய கூரை வீடுகளை விற்பதில்லை, வாடகைக்கு விடுவதில்லை, இடிப்பதில்லை என்று தங்களுக்குள் உறுதி எடுத்துக்கொண்டார்கள். யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது 1995-இல். விதி முதலில் வந்தது, கூட்டம் பிறகுதான் வந்தது. அப்படியிருந்தும் கூட்டம் அவர்களைத் திணறவைத்தது. குளிர்கால விளக்கு விழாவுக்கு 2019 முதல் முன்பதிவு இல்லாமல் வர முடியாது என்று ஆக்கவேண்டி வந்தது. விதி இருந்த ஊருக்கே இந்தப் பாடு என்றால், விதியில்லாத ஊரை நினைத்துப் பாருங்கள்.

வரப்போரம், உங்கள் ஊர்க் கிணற்று நீர்மட்டத்தை இப்போதே மாதம் ஒருமுறை அளந்து எழுதத் தொடங்குங்கள். பிறகு யாராவது குறை சொன்னால் பேசுவதற்குக் கையில் எண்கள் இருக்கும்.

ஆவணம் எழுதியது:

பெரும்பாலும் பதிவு கிடையாது என்று தொடக்கத்தில் எழுதியிருந்தீர்கள், அதைப் பற்றிச் சொல்கிறேன். சட்டம் நாட்டுக்கு நாடு மாறும் என்பதால் இது பொதுவான கருத்துதான்.

பதிவில்லாமல் இருப்பதில் லாபம் உண்டு. செலவில்லை, தொடங்கவும் நிறுத்தவும் சுலபம். ஒரு விபத்து நடக்கும் நாள் வரை எல்லாம் சரியாக இருக்கும். விருந்தினர் மாடிப்படியில் விழுந்துவிட்டார், மலைப்பாதையில் காணாமல் போனார், அறையில் தீப்பிடித்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போது இன்சூரன்ஸ் இல்லாத குடும்பம் தன் சொத்தை வைத்துப் பதில் சொல்ல வேண்டியிருக்கும். யாராவது ஒரு புகார் கொடுத்தாலும் மொத்தமாக மூடவேண்டி வரும். அந்த மிரட்டலைப் பயன்படுத்தி ஆதாயம் பார்ப்பவர்களும் இருக்கிறார்கள்.

ஆனால் பதிவிலும் ஓர் ஆபத்து இருக்கிறது. நகரத்து விடுதிக்கு எழுதிய நிபந்தனைகளை அப்படியே கிராமத்து வீட்டுக்குப் போட்டால், வசதியுள்ள ஒன்றிரண்டு வீடுகள் மட்டும்தான் அதை நிறைவேற்ற முடியும். மற்றவர்கள் சட்டவிரோதம் ஆகிவிடுவார்கள். முறைப்படுத்துகிறோம் என்ற பெயரிலேயே ஏழை வீடுகள் வெளியே தள்ளப்படும். அதனால் தனித்தனி வீடாகப் பதிவு செய்யாமல், உங்கள் இடத்தில் சட்டம் அனுமதித்தால், கூட்டுறவாகவோ சங்கமாகவோ பதிவு செய்யப் பாருங்கள். இன்சூரன்ஸைக் குழுவாக எடுக்க முடியுமா என்றும் விசாரியுங்கள்.

குழு அமைப்பது பற்றி எலினோர் ஆஸ்ட்ரம் செய்த வேலை இங்கே நேராகப் பொருந்தும். பொது நீர், பொதுக் காடு, மீன்பிடி நீர்நிலை ஆகியவற்றைப் பல தலைமுறைகளாகக் காப்பாற்றிய ஊர்களை ஆராய்ந்து 1990-இல் அவர் பொதுவான அம்சங்களை எடுத்துச் சொன்னார், 2009-இல் பொருளாதார நோபல் பெற்றார். யார் உறுப்பினர் என்ற தெளிவான எல்லை, விதி செய்வதில் அதற்குக் கட்டுப்படுபவர்களுக்கே குரல், மீறுபவருக்குப் படிப்படியாகக் கூடும் தண்டனை, செலவில்லாமல் தகராறு தீர்க்க ஓர் இடம். இவற்றில் படிப்படியான தண்டனையைத்தான் குழுக்கள் மறந்துவிடுகின்றன. முதல் தவறுக்கே வெளியேற்றுவது என்று எழுதினால், யாருக்கும் அதைச் செய்ய மனம் வராது, விதி செத்துப்போகும். முதல் தடவை எச்சரிக்கை, இரண்டாவது தடவை விருந்தினரை ஏற்கும் தன் முறை ஒன்றை இழப்பது என்று எழுதினால் தயங்காமல் செயல்படுத்தலாம்.

அடுப்படிக்குரல் எழுதியது:

ஆவணம் சொன்னதோடு ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். கூட்டம் எந்த நேரத்தில் நடக்கிறது என்பதும் விதிதான். இரவு சமையல் நேரத்தில் கூட்டம் போட்டுவிட்டுப் பெண்கள் வரவில்லை என்று குறிப்பில் எழுதுவதை நிறையப் பார்த்திருக்கிறேன். வேலை செய்பவர் வர முடிந்த நேரத்தில் கூடுங்கள், ஒரு வீட்டிலிருந்து இருவருக்கும் ஓட்டு கொடுங்கள்.

வரப்போரம் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. எங்கள் கூட்டத்துக்கு எடுத்துப்போகும் வரிசையை முடிவு செய்துவிட்டேன். பதிவு பற்றிய பேச்சைப் பின்னால் தள்ளுகிறேன். முதலில் எண்ணிக்கை: ஒரு நேரத்தில் ஊரில் இத்தனை விருந்தினருக்கு மேல் கூடாது என்பது. அதைத் தண்ணீரை வைத்துத்தான் முடிவு செய்யவேண்டும், அறைகளை வைத்து அல்ல. அடுத்தது முறையும் ஓய்வும், அடுப்படிக்குரல் அக்கா சொன்ன இரண்டு வரிகளும் அப்படியே. அதன்பின் பொது நிதி. நிலத்தை வெளியாருக்கு விற்பது பற்றி எங்களிடம் பேசவே தயக்கம் இருக்கிறது, பண நெருக்கடியில் இருப்பவரிடம் விற்காதே என்று எப்படிச் சொல்வது? பொது நிதியிலிருந்து அவசரக் கடன் கொடுக்க முடிந்தால்தான் அப்படிக் கேட்கும் உரிமை நமக்கு உண்டு என்று நினைக்கிறேன்.

கணக்கர் ஐயா, ஒரே ஒரு உதவி. வீடுகளில் எழுதுவதற்கு ஒரு நோட்டில் என்னென்ன பத்திகள் போடலாம்?

கணக்கர் எழுதியது:

ஆறு பத்தி போதும். தேதி. எத்தனை பேர், எத்தனை இரவு. எந்த வழியாக வந்தார்கள், நேராகவா, தளம் வழியாகவா, பழைய விருந்தினர் சொல்லியா. வாங்கிய பணமும் கமிஷன் போன பணமும். யார் எத்தனை மணி நேரம் வேலை செய்தார். பராமரிப்புக்கு எடுத்துவைத்தது. மூன்றாவது பத்தியை யாரும் விட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், மலைநடை சொன்ன படகுக் கதை உங்களிடம் நடக்கத் தொடங்கினால் அது முதலில் தெரிவது அங்கேதான். வேலை நேரத்தை எழுதுவது வேலை செய்தவராகவே இருக்கட்டும். பருவம் முடிந்ததும் எல்லா நோட்டையும் கூட்டத்தில் வைத்துச் சேர்த்துப் பாருங்கள், முடிந்தால் பெயர் நீக்கி இங்கேயும் போடுங்கள்.